ராகு காலத்துக்கு ஆறு நிமிஷம்

நோட்டீஸ் போர்டில் நாலு குண்டூசிகள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு ஊசியிலும் நகக்கண் அளவுக்கு ஒரு காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த தாளை யாரோ ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்திருக்கிறார்கள்.

பத்து நாள் லீவு முடிந்து, சனிக்கிழமை காலையில் கம்பெனிக்குள் நுழைந்த ராஜேஸ்வரி அதைப் பார்த்து நின்றாள். மாமியாருக்குத் திருநெல்வேலியில் கண் ஆபரேஷன். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டு விட்டு அவளுக்கே கண் எரிந்தது. இன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாக உட்காரலாம் என்று நினைத்து வந்திருந்தாள்.

ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் அந்தக் கம்பெனியில் நைட்டியும் உள்பாவாடையும் தைக்கிறார்கள். நூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், மேனேஜரையும் கட்டிங் மாஸ்டர்களையும் தவிர மற்ற எல்லோரும் பெண்கள். பார்கோடு அச்சடிப்பதிலிருந்து வாசலில் கைரேகை வைக்கிற மெஷின் வரைக்கும், மின்சாரத்தில் ஓடி எண்ணிக்கை காட்டும் எல்லாமே ராஜேஸ்வரியின் பொறுப்பு. 'சிஸ்டம் அக்கா' என்றால்தான் அங்கே பலருக்குத் தெரியும்.

"மாரித்தாய் அக்காதான் கிழிச்சாவ," என்றாள் ஃபஹீமா. ஓவர்லாக் மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தாள். கடையநல்லூர்ப் பெண், கைப்பிள்ளைக்காரி. "நேத்து சாயங்காலம் மேனேஜர் இந்த வாரத்து வருகைப் பட்டியல ஒட்டினாரு. சிவகிரி பஸ்ல வாரவுக பன்னெண்டு பேருக்கும் ஆறு நாளும் அரைநாள் ஆப்சென்ட். சிவப்பு எழுத்துல! அக்கா இழுத்த இழுப்புல ஊசி கூட அசையல. தாளைக் கொண்டுபோய் அவரு மேசையில போட்டுட்டு, 'ஏலே, எட்டு முப்பத்தஞ்சுல இருந்து ஆறு மணி வரைக்கும் தைச்சவ அரை ஆளாலே?'ன்னு கேட்டாவ. அவரு அப்பமே வேலைய விட்டு நிக்கச் சொல்லிட்டாரு."

"அரைநாளா? அது எப்படி விழும்?"

"எனக்குந்தான் விழுந்திருக்கு. பிள்ளைக்குப் பால் குடுக்கப் போன நேரத்தையெல்லாம் வெட்டிருக்காவ. நீங்க இல்லாத நேரம் பாத்து உங்க மெஷினுக்குப் பேய் பிடிச்சிட்டுக்கா."

ராஜேஸ்வரிக்குக் காது சூடாகியது. மெஷினுக்குப் பேய் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். மெஷின் சொன்னதைச் செய்யும். அப்படியானால், செய்யச் சொன்னது யார்?

மேனேஜர் செல்வக்குமார் எழுந்து நின்று வரவேற்றான். முப்பது வயது, திருப்பூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. "வாங்க மேடம். அத்தைக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது. இங்கன உள்ளவுகளுக்குத்தான் தெரியல. மாரித்தாய்க்கு எப்படி அரைநாள் போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? சிஸ்டம் சொல்லுது. எட்டேகாலுக்கு ஷிப்ட். பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல லேட்டுன்னா அரைநாள். அவங்க டெய்லி இருபது நிமிஷம் லேட்."

"சிஸ்டம் எப்பத்துலேருந்து இப்படிச் சொல்லுது?"

"போன வாரம் வெள்ளிக்கிழமைலேருந்து. புது வெர்ஷன் போட்டோம்ல!" அவன் முகம் மலர்ந்தது. "பூஜை எல்லாம் போட்டு நல்லபடியா ஆரம்பிச்சோம். நீங்க இல்லாததுதான் குறை."

அவள் மூலையில் இருந்த கம்ப்யூட்டர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். சர்வர் பெட்டியின் நெற்றியில் குங்குமம். காற்று போகிற துவாரத்தை அடைத்துக்கொண்டு பாதி எலுமிச்சம்பழம் காய்ந்து கிடந்தது.

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா?"

"ஆஸ்பத்திரியில இருக்கவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு..." அவன் மேசையில் கிடந்த தாளைத் தட்டிக் காட்டினான். "மூணு நாள் ஆப்சென்ட், போதாததுக்கு ஆபீஸ் தாளைக் கிழிச்சு ரகளை. வேலைநீக்க ஆர்டர் டைப் பண்ணிட்டேன். முதலாளி நாலு மணிக்கு வர்றாரு, கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி, மூணு மணிக்கு ரிஸ்வான் லைன்ல வந்து பழைய குப்பை எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டு மறுபடி புதுசாப் போடுறான். வாசல்ல புதுசா வச்ச முகம் பாக்குற மெஷின் அப்பப்ப நிக்குது, அதுக்காக. அதுக்கப்புறம் ஒருத்தரும் 'பழைய சிஸ்டத்துல அப்படி இருந்துச்சு'ன்னு பேச வழி இல்ல."

எலுமிச்சம்பழத்தை எடுத்து அவனுடைய குப்பைக் கூடையில் போட்டுவிட்டு ராஜேஸ்வரி சர்வரின் முன்னால் உட்கார்ந்தாள். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு தரம் தப்பாக அடித்தாள்.

அவள் தேடியது ஒரே ஒரு கோப்பு, ஒரு ஃபைல்.

எந்த மென்பொருளிலும் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, வேலை செய்கிற பகுதி. அதை எழுதியவன் எங்கேயோ இருக்கிறான், நாம் அதில் கைவைப்பதில்லை. இன்னொன்று, அந்த வேலையை நம்முடைய இடத்தில் எப்படிச் செய்ய வேண்டும் என்று நாம் எழுதி வைக்கிற அமைப்புக் கோப்பு. ஷிப்ட் எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் பொறுக்கலாம், யாருக்கு எந்த விலக்கு என்பதெல்லாம் சாதாரண எழுத்தில் வரிவரியாக அதில் இருக்கும். தையல்காரிக்குச் சொல்வதென்றால், முதல் பகுதி மெஷின், இரண்டாவது பகுதி வெட்டுகிற மாதிரி அட்டை. அட்டை கம்பெனியிலிருந்து வரும். வந்த அட்டை நம் ஊர் உடம்புக்கு அப்படியே பொருந்தாது. தோளில் அரை இஞ்சு கூட்டி, கையில் கால் இஞ்சு குறைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொள்வோம். வருஷம் போகப் போக அட்டையில் அச்சடித்த கோட்டைவிட நாம் போட்ட கோடுதான் அதிகமாகிவிடும்.

ராஜேஸ்வரியின் கோப்பு அப்படித்தான் ஆகியிருந்தது. வந்தபோது நாற்பது வரி, பத்து நாளைக்கு முன்பு நூற்றுப் பதினெட்டு வரி. வரிக்கு முன்னால் # என்று ஒரு குறி போட்டுவிட்டால் மெஷின் அதைப் படிக்காது, மனிதர்கள் மட்டும் படிக்கலாம். அப்படிக் குறி போட்டு, ஒவ்வொரு விலக்குக்கும் மேலே அது ஏன், யார் கேட்டது என்று தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

இப்போது திறந்து பார்த்தால் நாற்பத்தாறு வரி. ஒரு தமிழ் எழுத்து இல்லை. துடைத்துப் போட்ட சிலேட்டு.

பல்லைக் கடித்துக்கொண்டு அதே அடைவில், அதாவது ஃபோல்டரில், இருந்த மற்ற கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிட்டாள். இருந்தது. அதே பெயர், பின்னால் 'ஓல்ட்' என்று ஒரு வால். திறந்தாள். நூற்றுப் பதினெட்டு வரியும் அப்படியே கிடந்தன.

அவள் பெருமூச்சு விட்டாள், ஆனால் கோபம் தணியவில்லை, ஏறியது. அந்த வால் எப்படி முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

லினக்ஸ் பெட்டியில் ஒரு மென்பொருள் ஏறும்போது, தான் கொண்டுவந்த அமைப்புக் கோப்பின் கைரேகையை அது பதிந்து வைத்துக்கொள்ளும். வாசல் மெஷின் கட்டை விரலைப் பதிந்துகொள்கிறதே, அந்த மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். பிறகு புது வெர்ஷன் வரும்போது மூன்றை ஒப்பிட்டுப் பார்க்கும்: அன்றைக்குக் கொடுத்தது, இன்றைக்கு இங்கே இருப்பது, இப்போது புதிதாகக் கொண்டுவந்தது. நாம் கோப்பைத் தொடவே இல்லையா, பேசாமல் புதியதைப் போட்டுவிடும். நாம் தொட்டிருக்கிறோம், ஆனால் எழுதியவன் தன் பக்கம் எதையும் மாற்றவில்லையா, பேசாமல் நம்முடையதை விட்டுவிடும். இரண்டு பேரும் மாற்றியிருந்தால் மட்டும்தான் அதற்குச் சந்தேகம் வரும். அப்போது, நடுவேலையில் நின்று, மரியாதையாகக் கேட்கும்: இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், நானும் புதியது கொண்டுவந்திருக்கிறேன். என்ன செய்ய? புதியதைப் போட Y, உங்களுடையதை வைத்துக்கொள்ள N, வித்தியாசத்தைப் பார்க்க D. ஒன்றும் புரியாமல் வெறும் எண்டரைத் தட்டினாலும் நம்முடையதுதான் நிலைக்கும். Y என்று தட்டினாலும் பழையதை அழித்துவிடாது. வால் ஒட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் போகும்.

அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான், எங்கேயோ இருக்கிற ஒருத்தன். முகம் தெரியாத நம்முடைய கோட்டுக்கு அவன் கொடுத்த மரியாதை அது. சோம்பேறியாக எண்டரைத் தட்டியிருந்தால் போதும், பன்னிரண்டு பேரும் தப்பியிருப்பார்கள். வேலை மெனக்கெட்டு, விரலை நகர்த்தி, Y என்று அடித்திருக்கிறான் ஒருவன்.

பதிவேட்டைத் திறந்தாள். ஏற்றும்போது திரையில் ஓடிய அத்தனையையும் பெட்டி எழுதி வைத்திருந்தது. போன வாரம் வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபத்துநாலு. கேள்வி. அதன் கீழே Y. ரிஸ்வானுக்குப் போன் போட்டாள்.

ரிஸ்வான் அகமது மென்பொருள் விற்ற கம்பெனியின் ஆள். கடையநல்லூர்க்காரன், திருநெல்வேலி ஆபீஸில் இருக்கிறான். ராஜேஸ்வரியிடம் ஏழு வருஷமாகத் திட்டு வாங்கிப் பழகியவன்.

"அக்கா, ஊருக்கு வந்துட்டியளா?"

"வந்துட்டேன். Y அடிச்சது யாருலே?"

"அல்லாமேல சத்தியமா நான் இல்லக்கா. கேள்வி வந்ததும் நான் நிறுத்திட்டேன். 'சார், இது அக்கா மாத்தின ஃபைலு, ஒரு வார்த்தை கேட்டுருவோம்'னேன். அவரு, 'மணி இருவத்திநாலு ஆச்சு, பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முடிச்சாகணும். பூஜை போட்டு ஆரம்பிச்சதுல பழசு ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வரக்கூடாது, எல்லாமே புதுசா இருக்கட்டும்'னாரு. அவரு கீபோர்டுல அவரே Y அடிச்சாரு."

"ராகு காலமா?"

"ஆமாக்கா. ஆறு நிமிஷம்தான் பாக்கி இருந்துச்சு."

"நீ பாத்துக்கிட்டு இருந்தியாக்கும்?"

"கஸ்டமர் கீபோர்டுல நான் எப்படிக்கா கைவைக்க முடியும்?"

"கீபோர்டுல ஏன் வைக்கணும், கழுத்துல வச்சிருக்கலாம்ல!" என்று கத்தினாள். தையல் ஹாலில் நாலைந்து மெஷின்கள் சட்டென நின்றன. "சரி, மூணு மணிக்கு என்ன கட்டளை போடப் போற?"

"பர்ஜ். அவருதான் ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு..."

ஒரு மென்பொருளை எடுப்பதற்கு இரண்டு வழி உண்டு. சும்மா எடுத்தால், வீட்டைக் காலி செய்கிறவர் ஆணியையும் கொடிக்கயிற்றையும் விட்டுப் போவதைப் போல, அமைப்புக் கோப்பு அப்படியே கிடக்கும். திரும்பி வந்தால் அதே ஆணியில் சட்டையை மாட்டிக்கொள்ளலாம். பர்ஜ் என்பது ஆணியையும் பிடுங்கி, ஓட்டையையும் பூசிவிட்டுப் போவது. அமைப்புக் கோப்பு போகும், அதோடு வால் முளைத்த அதன் பழைய பிரதிகளும் போகும்.

"நீ இன்னிக்கு அந்தப் பக்கமே வரக் கூடாது. முகம் பாக்குற மெஷின் ஏன் நிக்குதுன்னு நான் பாக்குதேன். காத்துத் துவாரத்துல எலுமிச்சம்பழம் வச்சா பெட்டி கொதிக்காம என்ன செய்யும்?"

"எலுமிச்சம்பழமா?"

"வைலே போனை."

பழைய கோப்பையும் பதிவேட்டையும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தாள். ஒன்றைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். அப்புறம்தான் மாரித்தாய்க்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்தது. போன் நம்பரைத் தேடினால் ஃபஹீமா சிரித்தாள். "போன் எதுக்கு? எதுத்தாப்ல டீக்கடையில இருக்காவ. காலையில வழக்கமான பஸ்ல வந்து இறங்கி உக்காந்திருக்காவ."

மாரித்தாய் டீக்கடை பெஞ்சில் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்துநாலு வயது. சிவகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிறாள். கம்பெனி ஆரம்பித்த நாளில் உட்கார்ந்த அதே மெஷினில் நேற்று வரைக்கும் உட்கார்ந்து தைத்தவள்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்," என்று ராஜேஸ்வரி மூச்சு வாங்கச் சொன்னாள். கோப்பு, கைரேகை, Y, ராகு காலம், வால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. "பழைய கோப்பு பத்திரமா இருக்குக்கா. உங்க பன்னெண்டு பேருக்கும் இருவத்தஞ்சு நிமிஷம் பொறுக்கணும்னு எம்பத்தி ரெண்டாவது வரியில நான் எழுதினது அப்படியே இருக்கு!"

மாரித்தாய் அசையாமல் கேட்டாள். டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டு அவரும் கேட்டார்.

"ஏட்டி ராசேஸ்வரி, ஒண்ணு கேக்கேன். அந்த எம்பத்தி ரெண்டாவது வரிய உன்னையத் தவிர யாரு பாத்திருக்கா?"

"யாரு பாக்கணும்? மெஷின் பாத்தா..."

"எங்க பஸ் நேரம், எங்க மதியச் சாப்பாட்டுல இருவது நிமிஷம் கொறச்சு நாங்க ஈடு கட்டுதது, அந்தப் பிள்ளை பால் குடுக்கது, கட்டிங் மாஸ்டருமாரு வெள்ளிக்கிழமை தொழுவப் போறது, எல்லாத்தையும் நீ ஒரு பெட்டிக்குள்ள எழுதிப் பூட்டி வச்சிக்கிட்ட. நாங்க உன்னைய நம்பினோம். நீ பெட்டிய நம்பின. ஒருத்தன் வந்து குங்குமம் வச்சு ஒத்த எழுத்த அடிச்சான், நாங்க பன்னெண்டு பேரும் அரை ஆளாயிட்டோம். அந்தத் தாளுல எம்பேரு செவப்புல கிடந்துச்சு. ஏழு வருசம் தைச்ச எம்பேரு. வெளிய ஒரு அட்டையில எழுதித் தொங்க விட்டிருந்தா எவன் துடைச்சிருப்பான்? துடைக்கையிலயே நாங்க நூறு பேரு கண்ணால பாத்திருப்போம்ல?"

ராஜேஸ்வரிக்குக் கோபம் வந்தது, ஆனால் அது திரும்பி நின்றது அவளைப் பார்த்துத்தான். ஏனென்றால் மாரித்தாய்க்குத் தெரியாத இன்னொன்று அவளுக்குத் தெரியும். அந்த மென்பொருளோடு வந்த குறிப்பில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: உங்கள் இடத்து மாற்றங்களை மூலக் கோப்பில் எழுதாதீர்கள், பக்கத்தில் அதற்கென்றே ஒரு தனி அடைவு இருக்கிறது, அதற்குள் தனிக் கோப்பாக வையுங்கள், எந்தப் புது வெர்ஷனும் அதைத் தொடாது. ஏழு வருஷத்துக்கு முன்பே படித்தாள். முதல் விலக்கை அவசரத்துக்கு மூலக் கோப்பில் எழுதினாள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. அப்புறம் ஒவ்வொருத்தராக ஜன்னலில் வந்து, "அக்கா, எனக்கொரு பத்து நிமிஷம்..." என்று கேட்கக் கேட்க, அங்கேயே ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு வரி. எழுதி முடித்ததும் அவர்கள் முகத்தில் வருகிற சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. எல்லாம் தன் கையில் இருப்பதும் பிடித்திருந்தது.

"நாலு மணிக்கு முதலாளி வாராரு," என்றாள். "நீங்க உள்ள வரணும்."

"வாரேன். ஆனா அந்தப் போர்டுல எம்பேரு நேராகுத வரைக்கும் மெஷின்ல உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

முதலாளி துரைப்பாண்டி அண்ணாச்சி நாலு மணிக்கு வந்து, நாற்காலியில் உட்காரும்போதே பேனாவை எடுத்தார். பக்கத்திலேயே ஆர்டரும் தயாராக இருந்தது. செல்வக்குமார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.

"அண்ணாச்சி, அதுக்கு முன்னாடி இதப் படிங்க," என்று ராஜேஸ்வரி பதிவேட்டின் அச்சுத்தாளை அதன்மேல் வைத்தாள்.

"என்னம்மா இது, எல்லாம் இங்கிலீசா இருக்கு?"

அவள் வரிவரியாகத் தமிழில் சொன்னாள். கேள்வி இது. நேரம் இது. பதில் இது.

"நல்ல நேரத்துல முடிக்கணும்னுதான் சார்," என்றான் செல்வக்குமார். "நீங்கதான நல்ல நாள் பாத்து ஆரம்பிக்கச் சொன்னீங்க? கம்பெனிக்காரன் குடுத்த ரூல் அது. உலகம் பூரா அதுதான் ஸ்டாண்டர்டு."

"உலகம் பூராவும் சிவகிரி பஸ்ஸா ஓடுது?" என்று ராஜேஸ்வரி திரும்பினாள். "படிச்சவங்கதான நீங்க? கேள்வியைப் படிச்சீங்களா? D அடிச்சிருந்தா என்ன வித்தியாசம்னு அதுவே காட்டியிருக்கும். ஒண்ணுமே அடிக்காம இருந்திருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. ராகு காலத்துக்குப் பயந்தவரு பன்னெண்டு பேரு வயித்துக்குப் பயப்படலையே!"

"மேடம், வார்த்தையை அளந்து பேசுங்க."

"அளந்துதான் பேசுதேன். அளவு தப்பினா இன்னும் வரும்."

முதலாளி கையை உயர்த்தினார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. சரி, மெஷின் தப்பு, திருத்திருவோம். ஆனா மாரித்தாயி, ஆபீஸ் தாளைக் கிழிச்சது தப்புதான? ஒரு மன்னிப்புக் கடிதாசி எழுதிக் குடுத்துட்டு மெஷின்ல போயி உக்காரு. ரெண்டு பக்கமும் சரியாப் போச்சு."

கதவோரம் நின்ற மாரித்தாய், "பொய்த் தாளக் கிழிச்சதுக்கா அண்ணாச்சி?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "கடிதாசி எழுதுதேன். முதல்ல அதை ஒட்டினவரு எழுதட்டும், பாத்து எழுதிக்கிடுதேன்."

முதலாளியின் முகம் இறுகியது. பேனா ஆர்டரின் பக்கம் நகர்ந்தது. ராஜேஸ்வரி இரண்டாவது தாளை எடுத்தாள். பழைய கோப்பின் எண்பதாவது வரியிலிருந்து எண்பத்திரண்டு வரை. எண்பத்திரண்டுக்கு மேலே இருந்த இரண்டும் மெஷின் படிக்காத வரிகள்.

"இது தமிழ்லதான் இருக்கு. நீங்களே வாசிங்க."

அவர் கண்ணாடியை இறக்கி, வாய்விட்டே வாசித்தார். "'இரண்டாயிரத்துப் பதினெட்டு, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள். முதலாளி சொன்னது: சிவகிரி பஸ் எப்ப வருதோ அப்பத்தான் அவுகளுக்கு மணி எட்டேகால். நான் வீடு வீடாப் போய் வாக்குக் குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளுக.'"

வாசித்த தாளை அவர் மேசையில் மெதுவாக வைத்தார்.

பன்னிரண்டு மெஷின் வாங்கிப் போட்டுவிட்டு, தைக்க ஆள் கிடைக்காமல் அவர் அலைந்த வருஷம் அது. ஊருக்குள் இருந்த பெண்கள் விசைத்தறிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த பஸ்ஸில்தான் முதல் பன்னிரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அதில் முதலாவதாக இறங்கியவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"கமெண்ட் யார் வேணும்னாலும் எழுதலாம் சார்," என்றான் செல்வக்குமார், மெதுவாக.

"நான்தான்லே சொன்னேன்," என்றார் முதலாளி. காது மடல் சிவந்திருந்தது. "மறந்து தொலைச்சிட்டேன். நான் குடுத்த வாக்கை ஒத்த எழுத்துல அழிச்சிருக்க நீ. என்கிட்டயே கையெழுத்து வேற கேக்க."

ஆர்டரை அவர் நாலாகக் கிழித்தார். மாரித்தாய் கிழித்த மாதிரி ஒரே இழுப்பில் வரவில்லை, இரண்டு மூன்று தரம் இழுக்க வேண்டியிருந்தது.

பழைய கோப்பைத் தூக்கிப் புதியதன்மேல் அப்படியே போட்டுவிட முடியாது. ராஜேஸ்வரி அதைச் செய்யவில்லை. புதிய கோப்பில் இருந்த நாற்பத்தாறு வரியில் ஆறு வரி முகம் பார்க்கிற மெஷினுக்கு உரியவை. பழையதைப் போட்டால் அது குருடாகிவிடும். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைப் பார்த்தாள். புதியதைப் புதியதாகவே விட்டாள். தன்னுடைய எழுபத்தெட்டு வரியை மட்டும் பெயர்த்தெடுத்து, ஏழு வருஷத்துக்கு முன்பே வைத்திருக்க வேண்டிய தனி அடைவில், தனிக் கோப்பாக வைத்தாள். பிறகு வாரம் முழுவதும் விழுந்த கைரேகைகளை மறுபடி கணக்கிடச் சொன்னாள். விரல் வைத்த நேரத்தை எந்த வெர்ஷனும் மாற்றுவதில்லை, அதை எப்படி எண்ணுவது என்ற விதிதான் மாறியிருந்தது. விதி திரும்பியதும் பன்னிரண்டு பேரின் ஆறு நாளும் முழு நாளாகத் திரும்பின. ஃபஹீமாவின் நிமிஷங்களும் திரும்பின.

அந்தத் தனிக் கோப்பைப் பெரிய எழுத்தில் அச்சடித்தாள். இரண்டு தாள் வந்தது. ஒவ்வொன்றின் கீழும் முதலாளி கையெழுத்துப் போட்டார்.

செல்வக்குமார் இரண்டாவது தாளின் கடைசியைப் படித்துவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "அக்கா," என்றான். மேடம் போய்விட்டிருந்தது. "அந்தக் கடைசி வரி மட்டும் எடுத்துருங்களேன்."

கடைசி வரி: 'வெள்ளிக்கிழமை காலை 10.24. ராகு காலத்துக்கு ஆறு நிமிஷம் இருக்கையில் மேனேஜர் செல்வக்குமார் யாரையும் கேட்காமல் இதையெல்லாம் அழித்தார்.'

"எதுக்கு எடுக்கணும்? நடந்ததுதான?"

"எல்லாரும் படிப்பாங்கக்கா. என் பேரு..."

"நேத்து பன்னெண்டு பேரு பேரும் அங்கனதான் இருந்துச்சு. செவப்புல. உங்க பேரு கருப்புலதான இருக்கு."

அவன் போகாமல் நின்றான். எடுத்துவிட அவளுக்கு ஒரு நொடி ஆகும். எடுக்க மாட்டேன் என்று மனசு கொதித்துக்கொண்டே இருந்தது. கீபோர்டில் கைவைத்தவள், அந்த வரியைத் தொடாமல், அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். எழுதும்போது பல்லைக் கடித்திருந்தாள்.

'அழிக்க முடியாத இடம் ஒன்று இருந்தும் இதை அங்கே வைக்காதது என் தப்பு. ஏழு வருஷத் தப்பு. ராஜேஸ்வரி.'

மறுபடி அச்சடித்து, முதலாளியிடம் அந்தத் தாளுக்குப் புதுக் கையெழுத்தும் வாங்கி, செல்வக்குமாரின் கையில் கொடுத்தாள். "போர்டுல ஊசி நாலும் அப்படியே இருக்கு. நீங்களே குத்துங்க."

அவன் குத்தினான். மாரித்தாய் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதட்டை அசைத்து வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. கீழே போய், கடைசி வரியிலும் நின்றது. ராஜேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இடது பக்கம் கோணலா இருக்குவே," என்றாள் மேனேஜரிடம். "பிடுங்கி நேராக் குத்தும்."